பிரித்துப் பூட்டக்கூடிய வண்டி

(பழைய ஜீப் வைத்திருப்போரும் இயந்திரவியல் மாணவர்களும் கூடிய தேனிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியதும் இரண்டு வகையான யோசனைகள் தேடி வரும். "ஒரு போல்ட்கூட மாறக் கூடாது, கம்பெனியிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே கொண்டுவாருங்கள்" என்பார் ஒருவர். "அந்த இன்ஜினைத் தூக்கிப் போடுங்கள். புது டர்போ இன்ஜின் வையுங்கள், டயரைப் பெரிதாக்குங்கள், ஸ்பிரிங் பட்டையை உயர்த்துங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வண்டிமேல் உள்ள பிரியத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவர் சொல்லையும் சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். இந்த வேலையைச் செய்து முடித்த பிறகும், வேறொரு மனிதர், வேறொரு வாசலில், சாதாரண ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு இந்த வண்டியைப் பிரித்துப் பூட்ட முடியுமா? முடியும் என்றால் அந்த மாற்றத்தை நான் ஏற்கிறேன். முடியாது என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அங்கே ஒரு ஜீப் அழிந்துவிட்டது என்றே சொல்வேன்.

இந்த அளவுகோலை வண்டியின் பிறப்பிலிருந்து எடுத்தேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வேவு வண்டி வேண்டும், முதல் மாதிரியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில், நொடித்துப் போகும் நிலையில் இருந்த பேண்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்து இரண்டு நாளில் வரைபடம் போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி மேரிலாந்தில் உள்ள ஹோலபேர்ட் முகாமில் வண்டி போய் நின்றது. அத்தனை வேகம் எப்படிச் சாத்தியமாயிற்று? எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய அவர்கள் முயலவில்லை. இன்ஜின் கான்டினென்டலிடமிருந்து வந்தது, ஆக்சில் ஸ்பைசரிடமிருந்து வந்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார்கள்.

பிறகு பார்னி ரூஸ் மேம்படுத்திய வலுவான இன்ஜினோடு வில்லிஸ் நிறுவனம் முன்னுக்கு வந்தது. தேவை பெருகியதால் ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 6,40,000 வண்டிகள் செய்தன. தன் பாகங்கள் தனியே தெரிய வேண்டும் என்று ஃபோர்டு போல்ட் தலையில்கூட தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. ஆனால் அந்த போல்ட் வில்லிஸ் வண்டியிலும் உட்கார வேண்டும், வில்லிஸின் கியர்பாக்ஸ் ஃபோர்டு வண்டியிலும் ஏற வேண்டும். குண்டடிபட்ட மூன்று வண்டியிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை வயல்வெளியில் வைத்துத் தேற்ற முடிந்ததற்கு இதுதான் காரணம். ஜீப்பின் மூலத்தன்மை எது என்று கேட்டால், பச்சைப் பெயிண்டையோ விளக்கின் வடிவத்தையோ நான் காட்டமாட்டேன். பிரித்துப் பூட்ட முடிகிற இந்தக் குணத்தைத்தான் காட்டுவேன்.

இந்தியாவுக்கு ஜீப் வந்த வழியும் சுவையானது. 1945இல் லூதியானாவில் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் முகம்மது. அந்த முகம்மது, அதாவது மாலிக் குலாம் முகம்மது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், பின்னாளில் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. இந்த நிறுவனத்தின் வழியாகத்தான் வில்லிஸ் ஜீப் பாகங்களாகக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டப்பட்டது. பிறகு படிப்படியாக இங்கேயே செய்யப்பட்டது. நம் ஊர்களில் ஜீப் என்றதும் கண்ணில் வரும் முகம், அந்த உயரமான போனட் கொண்ட முகம், சிஜே 3பி என்ற மாடலுடையது.

அந்த போனட் ஏன் உயர்ந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருந்தன. தலைப்பகுதி தட்டையாக இருந்ததால் தட்டையான போனட் போதும். ஹரிக்கேன் என்று பெயரிட்ட புது இன்ஜினில் இன்டேக் வால்வை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருந்துவிட்டது. அதே 2,199 சிசி, அதே அடிப்பகுதி. ஆனால் காற்று உள்ளே போகும் வழி அகலமானது, குதிரைத்திறன் 60இலிருந்து 72 ஆனது. இன்ஜினின் உயரமும் கூடியது. பழைய போனட்டுக்குள் அது அடங்கவில்லை. 1953இல் போனட்டையும் முன்முகத்தையும் உயர்த்திவிட்டார்கள். நாம் இன்று மாற்றக் கூடாத அசல் என்று கும்பிடும் முகமே ஓர் இன்ஜின் மாற்றத்தால் வந்ததுதான். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த மாடல் இந்தியாவில் அதற்குப் பிறகும் பல காலம் ஓடியது.

அதனால் மாற்றத்தை எதிர்த்து நான் பேச வரவில்லை. நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலும் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியுமுன் ஆள் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிற ஜீப்கள் எத்தனை! ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி அந்த வண்டி மெட்டு ஏறுவதில் இருக்கிறது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்த நாட்களில், ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியவர்கள் தேவையினால்தான் அதைச் செய்தார்கள். மேட்டடார் வேனின் இன்ஜின் ஏறியது. பியூஜோவிடமிருந்து 1979இல் உரிமம் பெற்று மஹிந்திராவே செய்த டீசல் இன்ஜினும் பழைய வண்டிகளில் ஏறியது. அசல் பிடிவாதக்காரர்கள் இந்த வண்டிகளைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மாற்றங்களைச் செய்தது பட்டறை மனிதர்கள். லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து, மவுண்ட் புதிதாகச் செய்து, எல்லாவற்றையும் போல்ட்டில் நிறுத்தினார்கள். இன்றைக்கும் கழற்றலாம். நல்ல நிலையில் உள்ள அப்படியொரு வண்டி உங்களிடம் இருந்தால், டீசலை இறக்கிவிட்டு ஹரிக்கேனைத் தேடிப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்கு ஓட வேண்டியதில்லை. அந்த டீசலும் இந்த மலைச்சாலைகளின் வரலாறுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

பெரும்பாலோர் பெயிண்டில் தொடங்குகிறார்கள். பட்டி பார்த்து, தேய்த்து, நிறம் அடித்து, படம் எடுத்துவிட்டால் பாதி முடிந்த மகிழ்ச்சி வந்துவிடுகிறது. அடுத்த மழைக்குள் தரைத்தகடு அடியிலிருந்து குமிழ்விட்டுக் கிளம்பும். ஜீப்பின் தரைத்தகட்டுக்கு அடியில் குறுக்கே தாங்குகிற மடிப்புப் பட்டைகள் உண்டு. சேறும் ஈரமும் அதற்குள் போய்த் தங்கிவிடும், வெளியே வர வழியில்லை. மேலே கால் வைத்தால் உறுதியாகத் தெரியும், அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் பொத்தென்று உள்ளே போகும். ஆகவே முதலில் பாடியைத் தூக்க வேண்டும். ஜீப்பின் பாடி சேஸிஸ்மேல் சில போல்ட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாலு பேர் கை கொடுத்தால் வாசலிலேயே தூக்கி வைக்கலாம்.

தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் இருக்கிறது. காலி டாங்க்தானே என்று அதன் பக்கத்தில் வெல்டிங் பிடிக்கிறார்கள். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்தானது, ஏனென்றால் உள்ளே இருப்பது காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி. டாங்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்காமல் வெல்டிங் ராடையோ கிரைண்டரையோ தொடாதீர்கள்.

இரண்டாவது எச்சரிக்கை ஹேண்ட்பிரேக் பற்றியது. இந்த ஜீப்களில் ஹேண்ட்பிரேக் டிரம் பின்சக்கரத்தில் இல்லை. இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஷாஃப்டின் மூட்டான கிராஸை மாற்றலாம் என்று சரிவில் நின்ற வண்டிக்கு அடியில் படுத்து அந்த ஷாஃப்டைக் கழற்றினால், ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள், உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கைபேசி வந்தபிறகு இதில் சோம்பலுக்கு நியாயமே இல்லை. போல்ட்டுகளைப் பாகத்துக்கு ஒரு பையாகப் போட்டுத் துணித்துண்டில் பெயர் எழுதிக் கட்டுங்கள். இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எக்காரணம் கொண்டும் கலந்துவிடக் கூடாது, வலது பக்கம் எது, மேல் பக்கம் எது என்று தனித்தனியே கட்ட வேண்டும். துருப்பிடித்த நட்டில் உடனே பலத்தைக் காட்டாமல், ஊறும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பல பழைய ஜீப்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி கொண்டவை, வழக்கத்துக்கு மாறாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி ஏறி நின்று முறுக்கி ஸ்டட்டை உடைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

சேஸிஸைக் கழுவியதும் மூலைவிட்டத்தில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போனால் சட்டம் கோணவில்லை. விரிசல் இருக்கிறதா என்று முன் ஸ்பிரிங் பட்டைத் தாங்கிகளையும் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தையும் பாருங்கள். கனமான டீசல் ஏறிய வண்டிகளில் இன்ஜின் மவுண்டைச் சுற்றி அவசியம் பார்க்க வேண்டும். சட்டத்தின் நிற்கும் முகத்தில் ஓட்டை போடலாம், மேல்கீழ் விளிம்புகளில் போடக் கூடாது. சுமை ஏறும்போது இழுபடுவதும் அமுங்குவதும் அந்த விளிம்புகள்தான். இதே காரணத்தால்தான் விளிம்புக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் வைப்பதும் தவறு, அந்தக் கோட்டை ஒட்டியே அடுத்த விரிசல் தொடங்கும்.

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும். மாணவர்கள் தாளை எடுத்துக்கொண்டால் ஒரு கணக்குப் போடலாம். சிஜே 3பி-யின் கியர்பாக்ஸ் டி-90. மூன்று கியர், முதல் கியரின் விகிதம் ஏறக்குறைய 2.8. அதற்குப் பின்னால் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், லோ போட்டால் 2.46. ஆக்சிலில் கிரௌன்-பினியன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்குங்கள், 37 வருகிறது. இன்ஜின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.25 மீட்டர் போகும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அமைதியாக ஓடினால், வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் நகரும். மனிதன் நடக்கும் வேகம்கூட இல்லை. ஆனால் இன்ஜினின் முறுக்கு, உராய்வு இழப்பு போக, 37 மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாறைத்தடத்தில் ஜீப் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே கல் கல்லாக ஏறுவதன் ரகசியம் இந்தப் பெருக்கல்தான். 72 குதிரைத்திறன் இன்றைக்கு ஒரு சிறிய காருக்கு உள்ள திறன். மலையேற அதுவே போதுமாக இருந்தது, பற்கள் அப்படி அமைந்ததால்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மேல் கியரில், ஹை-யில், விகிதம் வெறும் 5.38. 3,000 சுற்றில் ஓடும் டீசலை இதே ஆக்சிலோடு பூட்டினால் மணிக்கு 75 கிலோமீட்டர்தான் வரும், அதுவும் இன்ஜின் அலறிக்கொண்டு. "டீசல் போட்டும் வண்டி ஓடவில்லை" என்று இன்ஜினைக் குறை சொல்கிறார்கள். இன்ஜினில் குறையில்லை, ஆக்சில் விகிதம் அந்த இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. விகிதத்தை மாற்றுவதென்றால் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எதிலாவது பல் உடையும்வரை ஓயாது.

பொருந்திய விகிதத்திலேயே இந்த மல்லுக்கட்டு சிறிய அளவில் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகின்றன. இன்றைய முழுநேர நான்குசக்கர வண்டிகளில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஜீப்பில் இல்லை, முன்னும் பின்னும் பல்லோடு பல்லாகப் பூட்டப்பட்டுவிடும். சேற்றிலும் சரளையிலும் ஏதாவது ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் லீவரைக் கழற்றக்கூட முடியாது. ஆகவே தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றும் ஓட்டாதீர்கள், அதுவும் இதே முறுக்கைத்தான் ஏற்றும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒழுகாத ஜீப் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இடைக்கியர் ஓடுகிற ஷாஃப்ட் தேய்ந்து, அது உட்காரும் துளையும் தளர்ந்தால் எண்ணெய் அந்த வழியாக வரும். பின் வெளியீட்டு ஆயில் சீல் போனால் எண்ணெய் நேராக ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். ஒழுகலைப் பொறுத்துக்கொள்பவர் ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுகிறார் என்று அர்த்தம். இந்த வேலை வீட்டில் செய்யக்கூடியதே. இடைக்கியருக்குள் ஊசி ஊசியாக உள்ள ரோலர்களை நிறுத்திவைப்பதுதான் சங்கடம். ஷாஃப்டின் விட்டத்தில், கியரின் நீளத்துக்கு ஒரு போலிக் கம்பியை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ரோலர்களைக் கிரீஸில் ஒட்டி அந்தக் கம்பியைச் சுற்றி அடுக்கி, கியரை உள்ளே வைத்து, அசல் ஷாஃப்டால் கம்பியைத் தள்ளி வெளியேற்றினால் ஒரு ரோலர்கூட விழாது. எண்ணெயிலும் கவனம் தேவை. கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன, சில ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். ஜிஎல்-4 தரத்தில் 90 எண்ணெய் கேட்டு வாங்குங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எண்ணெய் கசிந்து போகக்கூடும், ஆகவே இரண்டிலும் ஒரே எண்ணெய்தான் இருக்க வேண்டும்.

ஸ்டீயரிங் உதறலைப் பற்றிக் கேட்காத ஜீப்காரர் இல்லை. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும், வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். உடனே ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். அது நோயை மறைக்கும், குணப்படுத்தாது. முன் ஆக்சிலின் இரு முனையிலும் உருண்டைக் கவசத்துக்குள் கிங்பின் பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றின் இறுக்கத்தை ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. பேரிங் தேயத் தேய இறுக்கம் போய்விடும். சீலைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசை ஸ்டீயரிங் கையில் மாட்டி இழுத்துப் பார்த்து, ஷிம் எடுத்தோ சேர்த்தோ மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங் இணைப்பின் நடுவில் உள்ள பெல்கிராங்கின் ஆட்டத்தையும், டை ராடு முனைகளையும், ஸ்பிரிங் பட்டை புஷ்களையும் பாருங்கள். இவை அனைத்தும் சரியானால் டேம்பருக்கு வேலையில்லை.

மாற்றியே ஆக வேண்டியது என்று நான் வற்புறுத்துவது பிரேக்கை. இதில் அசல் பக்தியை என்னால் மதிக்க முடியாது. பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது, நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். போடிமெட்டு இறக்கத்தில் அதைக் கற்பனை செய்து பாருங்கள், பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வைத்தால் முன் பாதை போனாலும் பின் பாதை பிடிக்கும். மஹிந்திராவின் பிற்கால வண்டிகளின் சிலிண்டர் நம் கடைகளிலேயே கிடைக்கிறது. ஒரு பிராக்கெட் செய்து போல்ட்டில் நிறுத்தலாம், நாளைக்கு அசலே வேண்டும் என்பவர் கழற்றிக்கொள்ளலாம். நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலை முழுதாக நிறைவேற்றும் மாற்றம் இதுதான். அதோடு, பழைய வயரிங்கில் பெரும்பாலும் ஃபியூஸ் என்பதே இருக்காது. வயரை முழுதாக மாற்றி ஃபியூஸ் பாக்ஸ் வையுங்கள். இருக்கை பெல்ட்டும், சேஸிஸோடு பிணைத்த ரோல் பாரும் சேருங்கள். இவற்றைப் போட்டதால் எந்த ஜீப்பின் மதிப்பும் குறைந்துவிடாது.

எதை நான் வேண்டாம் என்கிறேன்? முதலில், அளவுக்கு மீறிய டயரும் உயர்த்தலும். 31 அங்குல டயர் போட்டால் நாம் போட்ட அந்த 37 என்ற கணக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கரைந்துவிடும். எந்தப் பலத்துக்காக ஜீப் வாங்கினோமோ அதைப் பணம் கொடுத்துக் குறைக்கிறோம். 9 அங்குல டிரம் பிரேக்குக்கும் கிங்பின்னுக்கும் சுமை கூடுகிறது. இந்த ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம்தான், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. நீண்ட வண்டியில் சில அங்குலம் உயர்த்தினால் ஷாஃப்டின் சாய்வு கொஞ்சம்தான் கூடும், இதில் சட்டென்று மிகக் கூடிவிடும், கிராஸ் அடிக்கடி போகும். இரண்டாவது, மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் இன்றைய காமன்ரெயில் இன்ஜின்களை இதில் ஏற்றுவது. அதற்காக ஃபயர்வாலை வெட்டுகிறார்கள், சேஸிஸின் குறுக்குச்சட்டத்தை அறுக்கிறார்கள், டி-90-க்குத் தாங்காத முறுக்கைக் கொடுக்கிறார்கள். பிறகு கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் மாற்றுகிறார்கள். மலைப்பாதையில் ஒரு சென்சார் செத்தால் ஸ்கேனர் வைத்திருப்பவர் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும். வேகமான, வசதியான நான்குசக்கர வண்டி வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு இன்றைக்கு ஷோரூமிலேயே வண்டி கிடைக்கிறது. ஒரு பழைய சேஸிஸை அறுத்துத்தான் அந்த ஆசையைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கும் நிறுவனம் குறித்துக் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் மாற்ற நினைத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி முதலில், ஸ்பேனர் பிறகு. 2021இல் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக உள்ள வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுக்குத் தனி எண் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ஆகவே வேலையில் இறங்குமுன் தீர்மானித்துக்கொள்ளுங்கள், இது காட்சிக்கா, சாலைக்கா என்று. பாதியில் மனம் மாறினால் செலவுதான் இரட்டிப்பாகும்.

பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்க்கில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஹரிக்கேன் பிறந்த காலத்து ரப்பரும் கார்க்கும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. ஃப்யூல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் வண்டியின் டாங்க்கில் பெட்ரோலைத் தேக்கிவைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு நோட்டு எழுதுங்கள். எந்த பேரிங்குக்கு எந்த எண், சிலிண்டர் எந்த வண்டியுடையது, எந்த வயர் எந்த நிறம், கிங்பின்னில் எத்தனை ஷிம், எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கிரீஸ் தடவிப் பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும்போது நோட்டும் பெட்டியும் சாவியோடு சேர்ந்து போக வேண்டும். உங்களுக்குப் பின் அதைத் திறப்பவர் முகம் தெரியாதவராக இருக்கலாம். உங்கள் மகளாகவோ பேரனாகவோகூட இருக்கலாம். அவருடைய ஸ்பேனர் நுழைய இடம் விட்டுவைத்தோமா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் ஒரு டி-90-யும் ஒரு ஸ்பைசர் 18-உம் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. லோ போட்டு, உள்ளீட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றி, வெளியீடு எத்தனை சுற்றுக்கு ஒருமுறை திரும்புகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். போலிக் கம்பி வைத்து ரோலர் அடுக்குவதையும் செய்து பார்க்கலாம். மாணவர்கள் முதலில் வரட்டும், மற்றவர்களின் கேள்விகளை நான் மேசையருகிலேயே நின்று கேட்டுக்கொள்கிறேன்.